கட்டில் கம்பியில் ஒரு பொட்டு

பேனா மடியில்தான் இருக்கிறது. இப்போதுதான் தொட்டுப் பார்த்தேன். இருந்தாலும் கை மறுபடி அங்கேதான் போகிறது, பல் விழுந்த இடத்துக்கு நாக்கு போகிற மாதிரி. ஒவ்வொரு தடவையும் கிளவுஸைக் கழற்ற வேண்டியிருக்கிறது, கிளவுஸோடு தொட்டால் வழுக்குகிறது, இருக்கிறதா விழுந்ததா என்று தெரியவில்லை. கழற்றித் தொட்டுப் பார்க்கிறேன், இருக்கிறது, மாட்டிக்கொள்கிறேன், துணியை எடுக்கிறேன், கம்பியைத் துடைக்கிறேன். துடைக்க ஜன்னலோரக் கட்டில் எனக்கு, வாசலோரக் கட்டில் பூரணத்துக்கு. ஆபரேஷன் முடிந்தவர்களைப் படுக்கவைக்கிற அறை இது. இங்கே கிடந்த இரண்டு பேரும் காலையில் வீட்டுக்குப் போய்விட்டார்கள், சாயங்காலம் புது ஆட்கள் வருகிறார்கள், அதற்கு முன்னால் எமல்டா சிஸ்டர் டார்ச்சோடு வருவார்கள். வரட்டும். பூரணம் தன் கட்டிலை முடித்துவிட்டுத் துணி அலசப் போயிருக்கிறாள். அவள் போன பிறகும் அவள் முனங்கிக்கொண்டிருந்த பாட்டு இந்த அறைக்குள்ளேயே கிடக்கிறது. துடைக்கிறபோது பாடுகிறவளை நான் எங்கேயும் பார்த்ததில்லை. பாட்டுகூட இல்லை, தொட்டில் ஆட்டுகிறவள் மாதிரி ஒரு ம்ம்ம். அந்த ம்ம்ம்மைக் கேட்டால் சிஸ்டருக்கு முகம் மலர்ந்துவிடும். நான் எத்தனையோ வருஷமாக வாயைத் திறக்காமல் துடைத்தேன், யார் முகமும் மலரவில்லை.

இந்தப் பேனா என் கையில் வந்ததும் தானாகத்தான் வந்தது. நான் தேடிப் போகவில்லை. காலையில் சிஸ்டர் கட்டிலுக்கடியில் குனிந்தபோது கோட்டுப் பையிலிருந்து விழுந்து சக்கரத்துக்குப் பக்கத்தில் உருண்டு கிடந்தது. கொடுத்துவிடலாம் என்றுதான் எடுத்தேன். எடுத்துக்கொண்டு நிமிர்ந்தால், சிஸ்டர் பூரணத்தின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் நடக்கிறார்கள். என்ன பேசினார்களோ, இவள் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாள். என் தோளில் யாரும் அப்படிக் கை போட்டதில்லை. பேனா மடிக்குப் போய்விட்டது. கொஞ்ச நேரம் கழித்துச் சிஸ்டர் திரும்பி வந்து, "இசக்கியம்மா, என் பேனாவப் பாத்தீங்களா? பொட்டு வைக்கிற பேனா," என்று கேட்டார்கள். "இல்லையே சிஸ்டர்," என்றது என் வாய். நான் சொல்லச் சொல்லவில்லை, அதுவாகச் சொல்லிவிட்டது. "எங்க போட்டேன்னே தெரியல, அது வெளியூர்லருந்து வரணும்," என்று சொல்லிக்கொண்டே போனார்கள். அப்போதே எடுத்து நீட்டியிருக்கலாம். இந்தா சிஸ்டர், இப்பத்தான் கிடைச்சது என்று. எத்தனை லேசான வார்த்தை. இப்போது அதைச் சொல்ல முடியாது. இப்போது அந்தப் பேனாவுக்கு வேறு வேலை வந்துவிட்டது.

பொட்டு. அந்த வார்த்தைதான் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. சிஸ்டர் எங்கள் கண்ணில் படாமல் முன்னாடியே வந்து கம்பியில், மணியில், குழாயில், சுவிட்சில் இந்தப் பேனாவால் தொட்டுத் தொட்டு வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். தண்ணீர் மாதிரி மை, காய்ந்தால் ஒன்றுமே தெரியாது. நாங்கள் மருந்துத் துணியால் ஒழுங்காகத் துடைத்தால் போய்விடும். விட்டுவிட்டால், லைட்டை அணைத்துத் திரையை இழுத்து ஊதா டார்ச்சை அடிக்கிறபோது நீலமாக மினுங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். கிருமி கண்ணுக்குத் தெரியாது, அதற்குப் பதிலாள் இது. முதல் முதலாகக் கேன்டீன் ஹாலில் எங்களை எல்லாம் உட்காரவைத்துச் சிஸ்டர் இதைக் காட்டினபோது வாயில் நுழையாத ஒரு இங்கிலீஷ் பேர் சொன்னார்கள். எல்லோரும் முழித்துக்கொண்டிருந்தோம். மேஜையில் அது மினுங்கினதைப் பார்த்ததும், "பொட்டு மாதிரில்லா இருக்கு," என்றேன். நான்தான் சொன்னேன். பின்வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், என் வாய்தான், என் குரல்தான். சிஸ்டர் சிரித்துவிட்டு, "ஆமா, பொட்டுன்னே வச்சிக்கிடுவோம்," என்றார்கள். அன்றையிலிருந்து ஆஸ்பத்திரி முழுக்கப் பொட்டுதான், டாக்டர்மார்கூட அப்படித்தான் சொல்கிறார்கள். போன மாதம் பெரிய டாக்டர் வந்த கூட்டத்தில் சிஸ்டர் எழுந்து நின்று, "இதுக்கு எங்க பூரணம் பொட்டுன்னு பேரு வச்சிருக்கா சார்," என்றார்கள். எங்க பூரணம். அவள் இல்லை என்று சொல்லவில்லை. தலையைக் குனிந்து முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு சிரித்தாள். பெரிய டாக்டர் கை தட்டினார். நானும் தட்டினேன். அவள் அந்த ஹாலில் என் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தாள், நான் சொன்னதை அவள் காதுதானே முதலில் கேட்டது. என்னத்தைப் பெரிய வார்த்தை, போட்டும் என்று அன்றைக்குப் படுத்தேன். போகவில்லை. கட்டில் துடைக்கிறபோதெல்லாம் எங்க பூரணம், எங்க பூரணம் என்று துணியே சொல்கிறது.

நெற்றி வியர்க்கிறது. புறங்கையால் துடைத்துக்கொள்கிறேன். ஏசி ஓடுகிற அறையில் என்ன வியர்வை. மணியை எடுக்கிறேன். நோயாளி அமுக்குகிற மணி, வயரில் தொங்குவது, இதன் அடிப்பக்கம்தான் போன தடவை என்னைக் காட்டிக்கொடுத்தது. சிஸ்டர் டார்ச் அடித்ததும் அடியில் ஒரு பொட்டு கண்ணைத் திறந்து பார்த்தது. "என்ன இசக்கியம்மா, உங்க கட்டில்லயா?" அவ்வளவுதான் சொன்னார்கள், அதட்டவில்லை. அதட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். பூரணத்தின் கட்டில் இருட்டாகக் கிடந்தது, அமாவாசை மாதிரி. இந்த வேலையில் இருட்டுதான் கெட்டிக்காரி. அவள் எப்படித்தான் ஒன்றுகூட விடாமல் எடுக்கிறாள்? விரலால் தடவிப் பார்த்தால் காய்ந்த மை வழவழவென்று தெரியும் என்று யாரோ சொன்னார்கள். அப்படித் தடவித் தேடி அதை மட்டும் துடைக்கிறாள் என்று நினைத்தேன். பார்த்தேன். என் வேலையை விட்டுவிட்டு அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் மணியின் அடிப்பக்கம் விட்டுப்போனது. அவள் தேடவில்லை. தடவவும் இல்லை. வீட்டுப் பாத்திரம் துலக்குகிற மாதிரி எல்லாவற்றையும் துடைத்தாள், தண்ணீர்க் குழாயிடம், "வாங்க மாப்ள, எல்லாரும் உம்ம கையத்தான் பிடிக்காவ," என்று கேலி பேசிக்கொண்டே துடைத்தாள். தேடுகிறவள் நான்தான். முன்னால் நான் எல்லாவற்றையும் துடைத்தேன். இந்த டார்ச் வந்த பிறகு, பூரணம் வந்த பிறகு, பொட்டு எங்கே எங்கே என்று தேடுகிறேன். அது தெரிகிறது எனக்கு. தெரிந்து என்ன.

மேல் மாடியில் கிட்னி மாற்றுகிறவர்களுக்கு வார்டு திறக்கப்போகிறார்கள். அவர்கள் உடம்பில் எதிர்க்கிற சக்தியே இருக்காதாம், ஒரு தும்மல் போதுமாம். அங்கே துடைக்க ஒரே ஆள்தான், மாற்றி மாற்றி விடமாட்டார்கள், அந்த ஆள் அங்கேயேதான். இன்றைக்கு டார்ச் பார்த்துவிட்டுச் சொல்வேன் என்று சிஸ்டர் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அது வேண்டும். ஏன் வேண்டும் என்றால் என் வீட்டுக்காரர் கொம்பையாவால் வேண்டும். ரைஸ்மில் படியில் மூட்டையோடு சறுக்கி அவருக்கு இடுப்பு எலும்பு போனது. வேற ஊர், வேற ஆஸ்பத்திரி. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன அன்றைக்குக் குளிர் வந்தது. போர்த்தினேன், நிற்கவில்லை. இடுப்புக்கு வந்த மனுஷன் காய்ச்சலில் போனார். "இங்க இருக்கிற கிருமி ஒட்டிக்கிட்டும்மா," என்றார் அந்த டாக்டர், பாவம் சின்னப் பையன், என் முகத்தைப் பார்க்கவில்லை. "எங்கருந்துய்யா ஒட்டிச்சு?" என்று கேட்டேன். "எங்கருந்தும் ஒட்டலாம். கம்பில இருந்து, யாரு கையில இருந்தாவது." அந்தக் கம்பி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. பச்சைப் பெயின்ட் உரிந்து கீழே துரு, நான் ராத்திரியெல்லாம் அதில்தான் தலையைச் சாய்த்திருந்தேன். அதைத் துடைக்காதவள் ஒருத்தி இருந்திருக்க வேண்டும். நான் அவளைப் பார்த்ததில்லை, ஆனால் அவளுக்கு ஒரு முகம் வைத்திருக்கிறேன். வாயில் வெற்றிலை, கொண்டையில் வாடின பூ, துணியைத் தோளில் போட்டுக்கொண்டு எவளிடமோ கதை பேசுகிறவள். நீ நல்லாயிருப்பியா என்று எத்தனை நாள் அவளைக் கேட்டிருக்கிறேன். அவளுக்கு எதிராகத்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன். அப்படிச் சொல்லிக்கொள்ள நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மடியில் பேனாவை வைத்துக்கொண்டு சொல்ல நன்றாக இல்லை. எனக்கு வேண்டும் என்பதைவிட அவளுக்குக் கிடைக்கக்கூடாது என்பதுதான் இப்போது பெரிதாக இருக்கிறது.

கை மறுபடியும் போகிறது. இருக்கிறது. விரல் பிசுபிசுவென்றிருக்கிறது, கைக்குத் தேய்க்கிற மருந்தாக இருக்கும். திரையை ஒதுக்கிவிடுகிறேன், சுவிட்சைத் தட்டிப் பார்க்கிறேன், சாப்பாட்டு மேஜையைத் தள்ளுகிறேன். முடிந்துவிட்டது என் கட்டில். துடைத்துத்தான் இருக்கிறேன், இந்தத் தடவை அடி, நுனி, முடுக்கு ஒன்றும் விடவில்லை. என் கட்டில் இருட்டு, அவள் கட்டிலும் இருட்டு என்றால் சிஸ்டர் யாரைச் சொல்வார்கள்? எங்க பூரணத்தைச் சொல்வார்கள். ஒரு பொட்டு போதும். கம்பியின் அடிப்பக்கத்தில் ஒரே ஒரு தொடு. மைதானே, கிருமியா வைக்கிறேன்? யாருக்கும் காய்ச்சல் வராது. யார் நெற்றியும் வெறுமையாகாது. நெற்றி என்றதும் பார், எங்கே போகிறது புத்தி. ஆரம்பத்தில் சிஸ்டர் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, "எல்லாரும் பொட்டை அழிச்சிட்டீங்களா?" என்று கேட்டார்கள். சிஸ்டர் வேதக்காரர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள், பொட்டு வைக்கிறதில்லை, அவர்களுக்கு அந்த வார்த்தையின் சூடு தெரியாது. வரிசையில் நின்ற பெண்டுகள் அத்தனை பேர் கையும் நெற்றிக்குப் போனது. பூரணம்தான், "யம்மா சிஸ்டரு, அழிச்சாச்சான்னு கேக்காதிய, வீட்ல ஆளு முழுசா இருக்கு. எடுத்தாச்சான்னு கேளுங்க," என்றாள். சிரிப்பென்றால் சிரிப்பு. நானும் சிரித்தேன். அப்புறம் யாரோ என்னைப் பார்த்தார்கள், அவர்கள் நிறுத்தினார்கள், அடுத்தவள் நிறுத்தினாள், கடைசியில் நான் ஒருத்திதான் சிரித்துக்கொண்டிருந்தேன். அதிலிருந்து இங்கே பொட்டை யாரும் அழிப்பதில்லை, எடுப்போம். அவர் போன பதினாறாம் நாள் எனக்கு மட்டும்தான் அழித்தார்கள். ஈரத்துணி, பெரிய நாத்தனார் கை. அழுத்தித்தான் துடைத்தாள், ஒரு துளி விடவில்லை.

பூரணத்தின் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். எப்போது நடந்து வந்தேன் என்று தெரியவில்லை. கிளவுஸைக் கழற்றிக் குப்பையில் போட்டிருக்கிறேன். கம்பி குளிர்ச்சியாக இருக்கிறது. நன்றாகத்தான் துடைத்திருக்கிறாள், மருந்து காய்ந்த வாசனைகூடச் சீராக இருக்கிறது. இடது கை கம்பியைப் பிடித்திருக்கிறது, வலது கை மடிக்குப் போகிறது. மூடி கழன்றிருக்கிற மாதிரி இருக்கிறது. நல்லதாகப் போயிற்று, கழற்ற வேண்டாம். எடு. ஒரு தொடுதானே. எடுத்துத் தொடு. "யம்மா," என்று ஒரு குரல். வாசலில் ஒரு பொம்பிளை, கையில் வயர்க்கூடை, கூடையில் ஃபிளாஸ்க், நெற்றியில் கட்டைவிரல் அகலத்துக்குக் குங்குமம். "எங்க வீட்டு ஆள இங்கதான் கொண்டாரப் போறாவளாம். ஸ்கேன் எடுத்துக்கிட்டிருக்காவ. கட்டில் எதுன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்." "இதுதான்," என்கிறேன். அவள் உள்ளே வரவில்லை. செருப்பை வெளியே விட்டுவிட்டு வாசலிலேயே நின்று கட்டிலைப் பார்க்கிறாள், கோயிலில் பார்க்கிற மாதிரி. "சுத்தமா இருக்காம்மா? இப்ப இருக்க வார்டுல ஒருத்தருக்குச் சீழு வச்சிட்டுன்னாவ. அதான் பயமா இருக்கு." நான் என் வலது கையை மடியிலிருந்து எடுத்துக் கம்பியின் மேல் வைத்து, தட்டிக் காட்டுகிறேன், மாடு விற்கிறவன் முதுகைத் தட்டுகிற மாதிரி. "சுத்தமா இருக்கு. பூரணம் துடைச்ச கட்டில். பயப்படாதிய." வாய்தான் சொல்லிற்று, காலையில் இல்லையே சிஸ்டர் என்று சொன்ன அதே வாய். அவள் கும்பிட்டுவிட்டுப் போகிறாள். என்னைக் கும்பிட்டாளா, கட்டிலையா. நான் பேனாவை எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை. போட்டும், எங்க பூரணமே மாடிக்குப் போகட்டும். பேனாவை எங்கேயாவது சக்கரத்துக்கடியில் போட்டுவிட வேண்டியதுதான். மனசு லேசாகிறது என்று சொல்லமாட்டேன். வயிறு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் ஒன்றும் செய்யவில்லை. நான் ஒன்றும் செய்யவில்லை.

"என்ன யக்கா, எங்கட்டிலுக்குக் காவலா?" பூரணம் ஈரக்கையை உதறிக்கொண்டு வருகிறாள். பின்னாலேயே சிஸ்டர், டார்ச்சோடு. நான் நகர்ந்து சுவரோரம் போகிறேன். பேனாவைக் கீழே போட நேரம் கிடைக்கவில்லை. லைட் அணைகிறது, திரை இழுபடுகிறது, பகல் வெளிச்சம் ஓரத்தில் ஒரு கோடாக நிற்கிறது. முதலில் என் கட்டில். டார்ச் கம்பிக்குப் போகிறது, இருட்டு. நல்லது. மணிக்குப் போகிறது. மணி எரிகிறது. பொட்டு இல்லை, மணி முழுக்க. அங்கிருந்து வயர், வயரிலிருந்து திரை, திரையில் பெருவிரலும் நாலு விரலும் தனித்தனியாக, சுவிட்சில் ஒரு விரல், மேஜை விளிம்பில் ஒரு கை. ஒரு கை இந்தக் கட்டிலைச் சுற்றி நடந்து போயிருக்கிறது, அது போன வழியெல்லாம் நீலமாகக் கிடக்கிறது. "இது என்னது?" என்கிறார்கள் சிஸ்டர். "நான் இங்கல்லாம் வைக்கலியே." டார்ச் வாசல் பக்கம் திரும்புகிறது. பூரணத்தின் கட்டில், இருட்டு, இருட்டு, அப்புறம் மேல் கம்பியில் ஒரு உள்ளங்கை. தட்டிக் காட்டின இடம். சுத்தமா இருக்கு, பயப்படாதிய என்று சொன்ன இடம். அந்த வெற்றிலை வாய்க்காரி ஞாபகம் வருகிறாள். இத்தனை வருஷமாக அவளுக்கு முகம் வைத்தேன், பூ வைத்தேன், மனசு ஒன்றை மட்டும் வைக்கவில்லை. அவளுக்கும் ஏதாவது ஒரு நினைப்பு இருந்திருக்கும். எவளோ ஒருத்தியை நினைத்துக்கொண்டு அந்தப் பச்சைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாள். ஒன்றும் செய்யவில்லை என்றுதான் அவளும் வீட்டுக்குப் போயிருப்பாள்.

"பூரணம், கையக் காட்டு." காட்டுகிறாள். இருட்டு. சிஸ்டர் என் பக்கம் திரும்புகிறார்கள். டார்ச் என் கையில் விழுகிறது, என் வலது கை தீப்பிடித்த மாதிரி இருக்கிறது, மடியில் சேலை நனைந்து ஒரு பெரிய நீலக் குளம். பேனாவை எடுத்து நீட்டுகிறேன், மூடி இல்லை, மடிக்குள் எங்கேயோ கிடக்கிறது. சிஸ்டர் வாங்கிக்கொள்கிறார்கள். ஏன் என்று கேட்கவில்லை. டார்ச் மேலே ஏறுகிறது, என் முகத்தில் நிற்கிறது, நின்றே விடுகிறது. "யக்கா," என்கிறாள் பூரணம், அந்தக் குரலில் கேலி இல்லை, "நெத்தில பொட்டு." வியர்வை துடைத்த புறங்கை. சிஸ்டர் மெதுவாக, "பூரணம், அந்த ஈரத்துணியால எடுத்து விடு," என்கிறார்கள். பூரணம் துணியை எடுக்கிறாள். கம்பியில் கிடந்த என் உள்ளங்கையை ஒரே இழுப்பில் துடைக்கிறாள். துணியின் பக்கத்தை மாற்றி மடித்துக்கொண்டு என் எதிரில் வந்து நிற்கிறாள். கை பாதி தூக்கியது தூக்கினபடி நிற்கிறது. "கம்பில உள்ளதெல்லாம் நான் எடுத்துருதேன் சிஸ்டர். இத நான் தொடமாட்டேன்." "அது மைதானே பூரணம்." "மைதான். பொட்டுன்னு பேரு வச்சாச்சே. யாரு வச்சா, இவுகதான வச்சாவ." சிஸ்டர் அவளைப் பார்க்கிறார்கள். "நீ வச்சேன்னுல்லா நான்…" "நான் எங்க சிஸ்டர் வச்சேன். பின்னால இருந்து இவுக சொன்னது ஒங்களுக்கு யாரு குரல்னு தெரியல. டாக்டரு கை தட்டினாவ, நான் சும்மா இருந்துக்கிட்டேன்."

லைட் போட்டுவிட்டார்கள். வெளிச்சத்தில் ஒன்றும் இல்லை, வெள்ளைக் கட்டில், வெள்ளைத் திரை. அங்கே இரண்டு பேரும் என் கட்டிலை முதலிலிருந்து துடைக்கிறார்கள். ம்ம்ம் கேட்கவில்லை, துணியின் சத்தம் மட்டும் கேட்கிறது. "மேல வார்டுக்கு நீ வந்துரு பூரணம்," என்கிறார்கள் சிஸ்டர், தணிந்த குரலில், எனக்குக் கேட்கக்கூடாது என்று. எனக்குக் காது கூர்மை. சுருக்கென்றுதான் இருக்கிறது. வார்த்தையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள், அதையும் எனக்கு முன்னால் அவளே செய்துவிட்டாள், அதுகூட அவளுக்குத்தான் வாய்த்தது. அறை மூலையில் கை கழுவுகிற குழாயை முழங்கையால் தள்ளித் திறக்கிறேன். சோப்பு, விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு. இரண்டாம் தடவையும் சோப்பு. மேலே கண்ணாடியில் ஒரு கிழவி நிற்கிறாள், நெற்றியில் ஒன்றும் இல்லை. இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும். அதைத் துடைக்காமல் நான் எந்தக் கட்டிலையும் தொடக்கூடாது. கை இரண்டும் சுத்தமாகிவிட்டது. தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. "யக்கா, தண்ணி வீணாப் போகுதுல்லா," என்கிறாள் பூரணம். கையைக் குவித்து ஏந்துகிறேன். பெரிய நாத்தனார் மாதிரி இல்லாமல், மெதுவாகத்தான் எடுக்கவேண்டும்.